படிப்பறைச் சுவரில் யாரை மாட்டுவது?

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். பழைய வீட்டின் பின்னறையைப் படிப்பறையாக மாற்றுகிறாராம். 10 அடிக்கு 12 அடி. வடக்கே ஒரு ஜன்னல், மேற்கே வெளிச்சுவர், தெற்கே படுக்கையறை, கிழக்கே கூடம். அறைக்குள் வரும் கதவு கூடத்துப் பக்கம். அப்பா விட்டுப்போன தமிழ்ப் புத்தகங்கள், பைண்டு போட்ட பழைய 'செந்தமிழ்' இதழ்த் தொகுதிகள், இவர் வாங்கிச் சேர்த்த நாவல்கள் எல்லாம் அங்கே வரப்போகின்றன. ரெம்பிராண்ட், ரவிவர்மா போன்றவர்களின் பழைய முக ஓவியங்களைச் சுவர் நிறைய மாட்ட ஆசை. "செத்தவங்க படம் மாதிரி இருக்கும், வேண்டாம்" என்கிறார் அம்மா. கடல் கூப்பிடு தூரம். எந்தப் படம், என்ன அளவு, எங்கே மாட்டுவது, உப்புக்காற்றுக்கு என்ன செய்வது என்பது கேள்வி.

தம்பி, அம்மா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். இராமநாதபுரத்தில் 30 வருடமாகப் படங்களுக்குக் கண்ணாடி போடுகிறேன். என் மேசைக்கு வந்த முகங்களில் பாதிக்கு மேல் பதினாறாம் நாள் காரியத்துக்காக அவசரமாகப் போட்டுக் கொடுத்தவை. சுவரில் தனியாக ஒரு மனித முகம் தெரிந்தாலே, மாலையும் சந்தனப் பொட்டும் சின்ன சிவப்பு பல்பும் நம் ஆட்களுக்குத் தானாகக் கண்ணில் வந்துவிடும். அம்மாவை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்த வீட்டுக் கண் அப்படிப் பழகியிருக்கிறது. அதனால் படிப்பறை முகம் வேறு விதமாக மாட்டப்பட வேண்டும். தங்க ஜிகினா பிரேம் கூடாது. சுவருக்கு நட்டநடுவில், உயரத்தில், ஒற்றையாகத் தொங்கக் கூடாது. புத்தகத்துக்கோ மேசைக்கோ பக்கத்தில், உட்கார்ந்தவர் கண் உயரத்தில், கைக்கு எட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். முன்னோர் படங்கள் கூடத்துத் தெற்குச் சுவரில் இருக்குமே, அவை அங்கேயே இருக்கட்டும். படிப்பறையின் தெற்குச் சுவரில் முகமே வேண்டாம். அது முழுக்க அலமாரிக்கு. இதைச் சொன்னால் அம்மாவும் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன்.

புத்தகங்களுக்கு நடுவே முகங்களை வைப்பது மிகப் பழைய வழக்கம். ரோமில் முதல் பொது நூலகத்தை அமைத்த அசீனியஸ் பொல்லியோ, அதில் எழுத்தாளர்களின் உருவங்களை வைத்தார் என்று பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். கூடவே இன்னொன்றும் சொல்கிறார்: முகம் தெரியாதவர்களுக்கும் ஆசையே ஒரு முகத்தைப் பெற்றுக் கொடுத்துவிடுகிறது, ஹோமருக்கு அப்படித்தான் நடந்தது என்று. நமக்கு இது நன்றாகப் புரியும். திருவள்ளுவரை யார் பார்த்தார்கள்? ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா மனதில் கண்டு வரைந்த முகம் 1960-ல் தபால்தலையில் வந்தது. 1964-ல் சட்டமன்றத்தில் திறந்து வைக்கப்பட்டது. இன்று வள்ளுவர் என்றால் அந்தத் தாடியும் அந்த எழுத்தாணியும்தான்.

இத்தாலியில் உர்பினோ என்ற ஊரின் பிரபு ஃபெடெரிகோ, 1470-களில் தன் அரண்மனைக்குள் ஒரு சின்னப் படிப்பறை கட்டினார். 3.60 மீட்டருக்கு 3.35 மீட்டர். கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட உங்கள் அறைதான். கீழ்ப்பாதிச் சுவர் முழுக்க மரத்தில் மரம் பதித்த சித்திரம். அதற்கு மேலே இரண்டு வரிசையில் 28 பேரின் முகங்கள். பிளேட்டோ, அரிஸ்டாட்டில், தாலமி, ஹோமர், தாந்தே, மோசே, சாலமோன் என்று, அவர் யாரைப் படித்தாரோ அவர்கள் எல்லாம். இன்றைக்கு அந்த 28-ல் பாதி உர்பினோவிலும் பாதி பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன.

அந்தப் பிரபு 28 வைத்தார் என்பதற்காக நீங்களும் சுவர் நிறைய மாட்ட வேண்டாம். உங்கள் அறைக்கு மூன்று போதும். பூ, மலை, படகு என்று எத்தனை படம் வேண்டுமானாலும் மாட்டலாம், அவை நம்மைத் தொந்தரவு செய்யாது. முகம் அப்படி இல்லை. அறைக்குள் நுழைந்ததும் நம் கண் முதலில் இன்னொரு கண்ணைத்தான் தேடும். பத்து முகம் இருந்தால் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற கூடத்தில் படிப்பது போல ஆகிவிடும். அப்புறம், இந்தக் கரையில் ஒவ்வொரு படத்தையும் வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். மூன்றைப் பார்ப்பீர்கள். பதினைந்தைப் பார்க்க மாட்டீர்கள்.

எந்த மூன்று என்று கேட்டால், அலமாரியில் எந்தப் புத்தகம் இருக்கிறதோ அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்பேன். நாவல் படிப்பவர் என்பதால் முதலில் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட். அவருடைய முதுமைக்கால முகத்தைத்தான் எல்லோரும் தேடுவார்கள். வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கும் 1659-ஆம் வருடத்துப் படம் அதில் அருமையானது, கை கோத்து உட்கார்ந்து நம்மையே பார்க்கிறார். ஆனால் அது 84 சென்டிமீட்டர் உயரம், இருட்டான பின்னணி. உங்கள் அறையில் மாட்டினால் அறையே அவருடையதாகிவிடும். அதனால் நான் சொல்வது 1628 வாக்கில், இருபது இருபத்திரண்டு வயதில் தன்னையே வரைந்துகொண்ட சின்னப் படம். ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அசலே 22.6-க்கு 18.7 சென்டிமீட்டர்தான், ஒரு நோட்டுப்புத்தகம் அளவு. அசல் அளவிலேயே அச்சிட்டு மாட்டலாம் என்பது எவ்வளவு பெரிய வசதி பாருங்கள்.

அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன், அச்சில்தான். வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்து கழுத்திலும் கன்னத்தின் ஓரத்திலும் மட்டும் விழுகிறது. கண் இரண்டும் நிழலுக்குள். முதல் பார்வையில் கண்ணே இல்லாதது போலிருக்கும். அரை நிமிடம் நின்று பார்த்தால் நிழலுக்குள்ளிருந்து அவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரியவரும். தலைமுடி சுருள் சுருளாக மின்னுகிறதே, அது தீட்டியது இல்லை. பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே பிரஷ்ஷைத் திருப்பிப் பிடித்து, அதன் காம்பு முனையால் கீறியிருக்கிறார். கீறிய இடத்தில் அடியில் இருக்கும் வெளிர் நிறம் எட்டிப் பார்க்கிறது. கோலத்துக்குச் சாணி மெழுகிய ஈரத்தில் விரலால் இழுத்தால் ஒரு கோடு விழுமே, அந்த மாதிரி. ஒரு பையன் தன் முகத்தையே வைத்து வெளிச்சத்தைப் பழகுகிறான். படிக்கிற அறைக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

அந்த ரெம்பிராண்டுக்கு நம் நாட்டோடு ஒரு பழக்கம் உண்டு. 1650-களின் கடைசியில், கப்பலேறிப் போன மொகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து, ஜப்பானியக் காகிதத்தில் பேனாவால் பிரதி எடுத்திருக்கிறார். இருபதுக்கு மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. ஷாஜகானின் முகமும் அதில் உண்டு. அவருடைய நாட்டு டச்சுக் கம்பெனிக்காரர்கள்தான் பின்னாளில் நம் கீழக்கரையிலும் பண்டகசாலை போட்டு உட்கார்ந்தார்கள். இதை நினைத்துக்கொண்டு பார்க்கும்போது படம் அவ்வளவு அந்நியமாகத் தெரிவதில்லை.

இரண்டாவது, ஹான்ஸ் ஹோல்பைன் 1523-ல் வரைந்த எராஸ்மஸ். லூவரில் இருக்கிறது, சுமார் 42-க்கு 32 சென்டிமீட்டர். எராஸ்மஸ் அந்தக் காலத்து ஐரோப்பாவின் பெரிய அறிஞர், கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்தவர். பக்கவாட்டு முகம். குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். இமை தாழ்ந்திருக்கிறது, உதடு இறுகியிருக்கிறது, கருப்புத் தொப்பி, விரலில் மோதிரங்கள். நம்மை அவர் பார்க்கவே இல்லை. அதனால்தான் இதை மேசைக்கு மேலே மாட்டச் சொல்கிறேன். நேராகப் பார்க்கிற முகத்தை எழுதும் மேசைக்கு எதிரே மாட்டாதீர்கள். நாலு வரி எழுதுவதற்குள் ஏழு தடவை நிமிர்ந்து பார்ப்பீர்கள். தானும் எழுதிக்கொண்டிருப்பவர் எதிரே இருந்தால், பக்கத்து மேசையில் ஒருவர் வேலையாக இருப்பது போல நமக்கும் வேலை ஓடும். அம்மாவின் கவலைக்கும் இது நல்ல பதில். எழுதிக்கொண்டிருப்பவருக்கு யாரும் மாலை போட நினைக்க மாட்டார்கள்.

முத்துத் தோடு போட்ட பெண்ணையும் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். வெர்மீர் 1665 வாக்கில் வரைந்தது. அழகுதான். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட பெண்ணின் உருவப்படம் இல்லை. டச்சுக்காரர்கள் 'த்ரோனி' என்பார்கள், பாவனைக்காகவும் உடுப்புக்காகவும் வரைந்த முகம். தேநீர்க் கோப்பையிலும் தலையணை உறையிலும் பார்த்துப் பார்த்துத் தேய்ந்துவிட்டது. படிப்பறைக்கு நான் போட மாட்டேன்.

மூன்றாவது ரவிவர்மா. அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் ரவிவர்மா என்றால் லட்சுமி, சரஸ்வதி காலண்டர் என்று ஆகிவிட்டது. 1894-ல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த கல்லச்சுப் படங்கள் வீட்டுக்கு வீடு போனதுதான் காரணம். ஆனால் மனிதர் உயிர் கொடுத்தது எண்ணெய் வண்ண உருவப்படங்களில். அந்த வித்தையை யாரும் அவருக்கு எளிதில் சொல்லிக் கொடுக்கவில்லை. திருவாங்கூர் அரண்மனையில் எண்ணெய் வண்ணம் தெரிந்தவராக இருந்தவர் மதுரைப் பக்கத்து ஓவியர் ராமசாமி நாயக்கர். அவர் தொழிலை விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் ஆசிரியருக்குத் தெரியாமல் ராத்திரியில் வந்து சொல்லிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். 1868-ல் வந்த தியோடர் ஜென்சன் என்ற வெள்ளைக்கார ஓவியரும், வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டுமே அனுமதித்தார். பார்த்தே கற்றுக்கொண்டார் ரவிவர்மா.

1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவருடைய பத்து ஓவியங்கள் போயின. அதே கண்காட்சியை ஒட்டி நடந்த சமய மாநாட்டில்தான் விவேகானந்தர் பேசினார். அவரைப் போகச் சொல்லித் தூண்டியவர்களில் முக்கியமானவர் நம் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் விவேகானந்தர் வந்து இறங்கியது நம் கரைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. சிகாகோவுக்குப் போன பத்துப் படங்களில் ஒன்று 'அதோ அப்பா வருகிறார்'. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வருகிறவரைக் காட்டும் தாய். ரவிவர்மாவின் மகளும் பேரனும்தான் அதில் இருப்பது. கூடத்துக்கும் படிப்பறைக்கும் நடுவே இருக்கும் உங்கள் கதவுக்கு மேலே இந்தப் படம் நன்றாக அமையும். வீட்டுப் பக்கமிருந்து ஒருவர் வருகிற வாசல்தானே அது. உயரத்தில் ஒற்றை முகம் வேண்டாம் என்றேன், இது தாயும் பிள்ளையுமான படம், இதற்கு விலக்கு கொடுக்கலாம். பழைய செட்டிநாட்டு வீடுகளிலும் நம் பக்கத்துப் பெரிய வீடுகளிலும் நிலைக்கு மேலே படத்தை முன்னால் சாய்த்து மாட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கீழே நின்று பார்ப்பவருக்கு நேராகத் தெரியும், ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கூசாது, தூசும் குறைவாகப் படியும். மேல் கொக்கியிலிருந்து கம்பியை இரண்டு அங்குலம் தளர விட்டால் அந்தச் சாய்வு வந்துவிடும்.

மூன்று என்று சொல்லிவிட்டு நாலாவதைச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் 'செந்தமிழ்' தொகுதிகள் இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்களே. அந்த இதழை நடத்திய மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-ல் நிறுவியவர் பாண்டித்துரைத் தேவர். நம் மண்ணில் பிறந்தவர், 1911-ல் 44 வயதில் போய்விட்டார். அந்தத் தொகுதிகள் இருக்கிற அறையில் ரெம்பிராண்டும் எராஸ்மஸும் இருந்து, அவர் இல்லாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. புத்தகங்களில் அவருடைய பழைய புகைப்படம் உண்டு. அதை அப்படியே பெரிதாக்கி மாட்டினால் புள்ளி புள்ளியாக உடைந்து, அம்மா பயப்படுகிற அந்தப் படமாகவே ஆகிவிடும். அதைக் கொடுத்து, கை நன்றாக உள்ள ஓர் ஓவிய ஆசிரியரிடம் வரையச் சொல்லுங்கள். பென்சிலோ கரியோ போதும். எண்ணெய் வண்ணம் என்றால் நம் கரை ஈரத்தில் காய நாள் பிடிக்கும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே காய்ந்திருக்காது. ஆறு மாதமாவது போகாமல் வார்னிஷ் பூசச் சொல்லாதீர்கள், கண்ணாடிக்குள்ளும் அடைக்காதீர்கள். இந்தப் படம் சுவருக்கு வேண்டாம். அலமாரியில் 'செந்தமிழ்' தொகுதிகள் நிற்கும் தட்டிலேயே, அவற்றுக்குப் பக்கத்தில் சாய்த்து வையுங்கள். அப்போது சுவரில் மூன்றுதான், கணக்கு தவறவில்லை.

இடையில் ஒன்று. கீழக்கரையில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டில் அழகான படிப்பறை இருக்கிறது. முகம் ஒன்றுகூடக் கிடையாது, அவர்கள் வழக்கத்தில் வீட்டுக்குள் உருவப்படம் மாட்டுவதில்லை. அரபு எழுத்தணியும், அரபுத்தமிழில், அதாவது தமிழை அரபு எழுத்தில், எழுதிய ஒரு பழைய ஏட்டுப் பக்கமும் சட்டமிட்டு வைத்திருக்கிறார். எழுதியவரின் கை அங்கே இருக்கிறது. முகம் வேண்டாம் என்று அம்மா கடைசிவரை உறுதியாக நின்றால் இந்த வழியும் உண்டு. அப்பா கைப்பட எழுதிய ஒரு பக்கம் கிடைத்தால் அதையே சட்டமிடலாம்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நாள் இராமநாதபுரம் அரண்மனைக்கு வந்து இராமலிங்க விலாசத்தைப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய சுவரோவியங்கள். முத்து விஜயரகுநாத சேதுபதி அரசவையில் இருக்கிறார், தஞ்சை மராட்டியரோடு போர் செய்கிறார், வெள்ளைக்காரர்களைச் சந்திக்கிறார். அங்கே முகங்களை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். யாரும் நம்மைப் பார்க்க மாட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் அவ்வளவு பேர் இருந்தும் அந்த மண்டபத்தில் நமக்கு மூச்சு முட்டுவதில்லை. நான் எராஸ்மஸைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இடம். உங்கள் அறைக்கு வடக்கு ஜன்னல் வாய்த்தது பெரிய கொடுப்பினை. சித்திரையிலிருந்து ஆடி வரை காலையிலும் மாலையிலும் சாய்வாகக் கொஞ்சம் எட்டிப் பார்ப்பதைத் தவிர நேர்வெயில் ஏறக்குறைய வராது, மற்ற நாளெல்லாம் ஒரே மாதிரி வெளிச்சம். ஐரோப்பிய ஓவியர்களே பட்டறைக்கு வடக்கு ஜன்னலைத் தேடித்தான் வைத்துக்கொள்வார்கள். வலக்கைக்காரர்கள் வெளிச்சத்தை இடப்பக்கம் வைத்துக்கொண்டு வரைந்ததால் பெரும்பாலான பழைய முகங்களில் வெளிச்சம் இடமிருந்தே விழுகிறது. கிழக்குச் சுவரைப் பார்த்து நின்றால் உங்கள் ஜன்னல் இடப்பக்கம் வரும். ஆகவே படங்கள் கிழக்குச் சுவரில். படத்துக்குள் விழும் வெளிச்சமும் அறைக்குள் விழும் வெளிச்சமும் ஒரே பக்கமிருந்து வந்தால் முகம் அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போல இருக்கும். எராஸ்மஸ் இடப்பக்கம் பார்த்து எழுதுகிறவர், ஜன்னலைப் பார்த்த மாதிரியே அமைந்துவிடுவார்.

அந்தச் சுவரில் ஜன்னல் ஓரமாக எழுதும் மேசை, அதற்கு மேல் எராஸ்மஸ். நடுவில் கதவு, மேலே ரவிவர்மா. கதவுக்குத் தெற்கே மிச்சமுள்ள இடத்தில் ரெம்பிராண்ட். அவருக்கு எதிரே, மேற்குப் பக்கம் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள். புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு நிமிரும்போது அவர் கண்ணில் படுவார். எழுதும்போது தெரிய மாட்டார். உயரம் மட்டும் கவனமாகப் பாருங்கள். அருங்காட்சியகங்களில் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறக்குறைய 57 முதல் 60 அங்குலம், நின்று பார்ப்பவருக்கான கணக்கு. நீங்கள் உட்கார்ந்து பார்ப்பவர். நாற்காலியில் உட்கார்ந்து, கண் மட்டத்தை யாரையாவது சுவரில் குறிக்கச் சொல்லுங்கள். 45 அங்குலம் வாக்கில் வரும். ரெம்பிராண்டுக்கு அதற்கு ஒரு சாண் மேலே போதும். சின்னப் படம் என்பதால் சுற்றிலும் மூன்று அங்குலம் மவுண்ட், அதாவது அட்டை ஓரம், விட்டுச் சட்டமிட்டால் நிறைவாக இருக்கும். மேற்குச் சுவரில் எதுவும் வேண்டாம். மத்தியானத்துக்கு மேல் அது அடுப்புக்கல் மாதிரி கொதிக்கும்.

இனி உப்பு. இதில்தான் நான் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். கடை தொடங்கிய புதிதில், வீட்டுக்கென்று ஒரு பழைய ரவிவர்மா கல்லச்சுப் படத்தை ஆசையாக வாங்கினேன். சரஸ்வதி. மவுண்ட் வைத்தால் பழைய அழகு போய்விடும் என்று கண்ணாடியை நேராகப் படத்தின் மேலேயே வைத்துப் பின்னால் ஹார்ட்போர்டு அடித்து, வடக்கு வெளிச்சுவரில் மாட்டினேன். ஐப்பசி, கார்த்திகை வாடைக்காற்றும் மழையுமாகப் போனது. தையில் கழற்றினால் வீணை பிடித்த கையும் முகத்தில் பாதியும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வந்தன. ஹார்ட்போர்டு ஊதிப்போய், அதற்குள் இராமபாணப் பூச்சி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணாடியை இன்றும் தூக்கிப் போடவில்லை. படம் கொண்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன்.

அன்றிலிருந்து என் வேலையில் இவை மாறவே இல்லை. கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே மூன்று, நாலு மில்லிமீட்டராவது இடைவெளி. மவுண்ட் போர்டு அமிலம் இல்லாததாக இருக்க வேண்டும், சாதாரண போர்டு ஐந்தாறு வருடத்தில் ஓரத்தில் மஞ்சள் கோடு போட்டுவிடும். பின்பலகைக்கு ஹார்ட்போர்டும் பிளைவுட்டும் வேண்டாம். சன்போர்டு என்கிற பிளாஸ்டிக் பலகை அல்லது அலுமினியத் தகடு ஒட்டிய ஏசிபி ஷீட், இரண்டும் ஈரம் குடிக்காது, கரையான் தொடாது. சட்டம் தேக்கு. நன்கு காய்ந்த பூவரசும் நம் கரைக்குப் பழகிய மரம்தான். மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பீடிங் பார்க்கப் பளபளவென்று இருக்கும், இரண்டு மழைக்கு மூலை வாய் பிளந்துவிடும். கொக்கி, ஸ்க்ரூ எல்லாம் 316 என்ற தரத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். படகு சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சாதாரணமாகக் கிடைக்கும் 304 தரம் இந்தக் காற்றில் புள்ளி புள்ளியாகத் துருவேறும். தங்கூஸ் நரம்பில் தொங்கவிடாதீர்கள். பாரத்தில் நாளாக நாளாக நீளும், வெளிச்சத்தில் நொறுங்கும். சட்டத்தின் கீழ் மூலைகளில் பின்பக்கம் இரண்டு ரப்பர் புஷ் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். இது ஒன்றைச் செய்தாலே பாதிப் பூசணம் வராது.

படத்துக்கு முன்னால் சுவரைப் பாருங்கள். பழைய வீடு என்கிறீர்கள். நம் கரையில் அந்தக் காலத்தில் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்கள் நிறைய. கடலிலிருந்து எடுத்த கல், உப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. ஈரம் ஏறி இறங்கும்போது உப்பு வெளியே பூத்து, பூச்சை மாவு மாவாக உதிர்க்கும். அதன் மேல் பட்டி பார்த்து பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் போக வழியில்லாமல் கொப்பளமாக எழும். சுண்ணாம்பே அடியுங்கள், சுவர் மூச்சு விடட்டும். நிறத்துக்கு வெள்ளையில் கொஞ்சம் காவி கலந்துகொள்ளலாம். பழைய முகங்களின் பழுப்பு நிறத்துக்குப் பளீர் வெள்ளையைவிட அது பாந்தமாக இருக்கும்.

படக்கோப்பு விஷயம் எளிது. ரெய்க்ஸ் அருங்காட்சியகமும் வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடமும் தங்கள் பழைய ஓவியங்களைப் பெரிய கோப்பாக இலவசமாகவே இறக்கிக்கொள்ள விடுகின்றன. நம் நாட்டில் காப்புரிமை ஓவியர் இறந்து 60 வருடம். ரவிவர்மா 1906-ல் இறந்தவர், தடை இல்லை. 16-க்கு 20 அங்குலம் அச்சிட 3200-க்கு 4000 பிக்ஸலாவது வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடும், பென்டிரைவில் கொண்டு போங்கள். பிளெக்ஸில் அடிக்கவே கூடாது, முகத்தில் எண்ணெய் வழியும். பளபளப்பில்லாத பருத்திக் காகிதம், பிக்மென்ட் மை என்று சொல்லிக் கேளுங்கள். கேன்வாஸில் அச்சிட்டால் கண்ணாடி தேவைப்படாது என்பார்கள். உண்மைதான், ஆனால் உப்புத் தூசு நேராக நெசவுக்குள் போய் உட்காரும், துடைக்க முடியாது. நான் காகிதமும் கண்ணாடியும்தான் சொல்வேன்.

ராத்திரி வெளிச்சத்துக்கு மஞ்சள் சாயலுள்ள எல்இடி, 2700 அல்லது 3000 கெல்வின். மேலிருந்து 30 பாகை சாய்வில் விழுந்தால் கண்ணாடியில் பல்பு தெரியாது. படத்தில் ஒட்டி வைக்கும் சின்ன விளக்கு வேண்டாம், அது மறுபடியும் அம்மாவுக்குச் சிவப்பு பல்பை நினைவுபடுத்தும். மின்விசிறிக் காற்றில் படம் ஆடிச் சுவரைத் தட்டாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் இரண்டு கொக்கி. துடைக்கும்போது துணியில் தண்ணீரைத் தொட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி மேல் தெளித்தால் ஓரத்தில் இறங்கி மவுண்டை நனைக்கும். புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி, பின்பக்கம் பார்த்து, ரப்பர் புஷ் விழுந்திருந்தால் ஒட்டி மாட்டிவிடுங்கள்.

இன்னும் எதுவும் அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். மூன்று முகத்தையும் சாதாரணத் தாளில் அளவுக்கு எடுத்து, அட்டையில் ஒட்டி, நான் சொன்ன இடங்களில் பத்து நாள் வைத்துப் பாருங்கள். அம்மாவையும் அந்தச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் கிழக்குச் சுவர் முருகைக்கல்லா செங்கல்லா என்று, கண்ணில் படாத ஓரிடத்தில் பூச்சைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்து எனக்கு எழுதுங்கள். செங்கல் என்றால் சாதாரண நைலான் பிளக் போதும். முருகைக்கல் என்றால் துளை போட்ட இடம் மாவாகக் கொட்டும், ஸ்க்ரூ பிடிக்காது. அதற்கு மேலே உத்தரத்தை ஒட்டி ஒரு மரச்சட்டம் ஓட்டி அதிலிருந்துதான் தொங்கவிட வேண்டும். அந்தச் சட்டத்தின் அளவைச் சுவரைத் தெரிந்த பிறகு சொல்கிறேன்.